எம்.ஏ. அரசியல் அறிவியல்: எந்தத் துறையின் சாதனையை நம்பிச் சேர்வது?

பி.ஏ. இறுதியாண்டு மாணவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான். எம்.ஏ. அரசியல் அறிவியலுக்குச் சென்னையிலேயே இருந்துவிடலாமா, புதுச்சேரியா, ஹைதராபாத்தா, டெல்லியா? கேட்கும்போதே ஒவ்வொரு துறையின் சாதனைப் பட்டியலையும் போனில் எடுத்து வைத்திருப்பார்கள். ஆசிரியர்கள் எழுதிய கட்டுரைகள், பேசிய கருத்தரங்குகள், கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வில் தேறிய மாணவர்கள், பெரிய பதவிக்குப் போன பழைய மாணவர்கள். எல்லாப் பட்டியலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். இதை வைத்து முடிவெடுக்க முடியுமா என்றால், முடியும். ஆனால் பட்டியலில் பாதியை அடித்துவிட்டு, அதில் இல்லாத சிலவற்றை நாமே தேடிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

அடிக்க வேண்டியதிலிருந்து தொடங்குகிறேன். "பன்னாட்டு ஆய்விதழில் கட்டுரை, ஐ.எஸ்.எஸ்.என். எண்ணுடன்" என்று போட்டிருந்தால் அந்த எண்ணுக்காக மதிப்புக் கொடுக்காதீர்கள். விண்ணப்பித்தால் எந்தத் தொடர் வெளியீட்டுக்கும் கிடைக்கிற அடையாள எண் அது. தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகரித்த இதழ்" என்றால் எந்த ஆண்டில் அங்கீகரித்தது என்று பாருங்கள். யு.ஜி.சி. தான் ஏற்றுக்கொண்டிருந்த பட்டியலிலிருந்தே 2018 மே மாதம் 4,305 இதழ்களை நீக்கியது. அடுத்த ஆண்டு 'கேர்' என்று புதிய பட்டியல் வந்தது. 2025 தொடக்கத்தில் அதையும் கைவிட்டு, தரத்தை அந்தந்த நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்கள். பதவி உயர்வுக்குப் புள்ளிக் கணக்கு வைத்தால் கட்டுரைகள் பெருகத்தான் செய்யும். எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி, 2013 முதல் வரும் ஸ்டடீஸ் இன் இந்தியன் பாலிடிக்ஸ் போன்ற இதழ்களில் ஐந்து ஆண்டில் ஒரே ஒரு கட்டுரை எழுதியவரிடம் படித்தால், பெயர் தெரியாத இதழ்களில் ஆண்டுக்குப் பத்து எழுதுபவரிடம் கிடைப்பதைவிட அதிகம் கிடைக்கும் என்பது என் கணக்கு.

முனைவர் பட்ட எண்ணிக்கையும் அப்படித்தான். யு.ஜி.சி. விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் வழிகாட்டலாம். ஆகவே மூத்த பேராசிரியர் ஒருவரின் பெயரில் இருபது முப்பது முனைவர்கள் இருப்பதில் வியப்பில்லை. எண்ணிக்கையை விட்டுவிட்டுத் தலைப்புகளைப் பாருங்கள். ஷோத்கங்கா களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் ஏராளமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. யாரும் இலவசமாகப் படிக்கலாம். வழிகாட்டியின் பெயரைப் போட்டுத் தேடி, ஒரே ஓர் ஆய்வேட்டின் முன்னுரையைப் படித்தால் போதும். மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றி, "பஞ்சாயத்துத் தலைவிகள்: ஓர் ஆய்வு" என்று வரிசையாக வந்திருந்தால் அந்தத் துறையில் என்ன நடக்கிறது என்று புரிந்துவிடும். ஆண்டறிக்கை முழுவதையும் படிப்பதைவிட இந்த அரை மணி நேரம் பயனுள்ளது.

அப்புறம் தரவரிசை. மத்திய அரசு 2016 முதல் வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் பொறியியல், மருத்துவம், சட்டம், மேலாண்மைக்கெல்லாம் தனிப் பிரிவு உண்டு; அரசியல் அறிவியலுக்குக் கிடையாது. "எங்கள் பல்கலை நாட்டில் இத்தனையாவது இடம்" என்பதில் வேதியியல் ஆய்வகத்தின் பங்கும் இருக்கிறது. அந்தக் கணக்கில் ஆய்வு வெளியீடுகளை ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயன்ஸ் என்ற இரண்டு தரவுத்தளங்களிலிருந்து எடுக்கிறார்கள். தமிழில் நல்ல அரசியல் நூல் ஒன்றை எழுதிய ஆசிரியரால் அவருடைய பல்கலையின் எண் நகராது. நாக் குழு தரும் தர மதிப்பீடும் நிறுவனத்துக்குத்தான், துறைக்கு இல்லை.

மாணவர் சாதனை என்ற தலைப்பின் கீழ் என்.சி.சி. முகாம், யோகா தினம், மாதிரி ஐ.நா. சபையில் சிறந்த பிரதிநிதி என்று எல்லாம் வரும். அந்தப் பிள்ளைகளுக்கு வாழ்த்துகள். உங்கள் முடிவுக்கு அதில் ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியது நெட், அதிலும் அதில் முன்னணியில் வருபவர்களுக்குக் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். அது கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை; முனைவர் பட்டத்துக்கு வீட்டைக் கேட்க வேண்டாம். 2024 ஜூனிலிருந்து நெட் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி. சேர்க்கையும் நடப்பதால் இந்தத் தேர்வின் எடை இன்னும் கூடிவிட்டது. (அந்த ஜூன் தேர்வை நடத்திய மறுநாளே ரத்து செய்தார்கள் என்பது வேறு கதை.) துறையிடம் கேட்க வேண்டியது: எத்தனை பேர் படித்த வகுப்பில் எத்தனை பேர் தேறினார்கள்? பதினைந்து பேரில் மூன்று பேர் என்றால் நல்ல துறை. இருநூறு பேரில் ஏழு பேர் என்றால் அந்த ஏழு பேரும் எங்கே படித்திருந்தாலும் தேறியிருப்பார்கள்.

பழைய மாணவர் பட்டியல்தான் ஆளை மயக்குவது. டெல்லியின் ஜே.என்.யு. (ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) என்றதும் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், மறைந்த சீதாராம் யெச்சூரி என்று அடுக்குவார்கள். மூவரும் அங்கே பொருளாதாரம் படித்தவர்கள். அரசியல் அறிவியல் எம்.ஏ. என்று பார்த்தால் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரும் யோகேந்திர யாதவும் வருவார்கள். ஒருவர் அரசின் குரல், மற்றவர் அரசை எதிர்த்துத் தெருவில் நிற்பவர். ஒரே பாடத்தைப் படித்துவிட்டு இரண்டு பேர் இப்படி எதிரெதிர்த் திசையில் போனார்கள் என்றால், அந்த இடத்தில் மாணவர்களை ஒரே பக்கமாகத் தள்ளவில்லை என்றாவது வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது.

டெல்லிப் பல்கலையின் லேடி ஸ்ரீராம் கல்லூரியில் 1964-இல் அரசியல் படித்து முடித்தவர் ஆங் சான் சூ ச்சி. 1991-இல் அவருக்கு அமைதி நோபல் கிடைத்தது. 2019-இல் ரோஹிங்கியா இன அழிப்பு வழக்கில் மியான்மர் ராணுவத்தின் செயலுக்காக ஹேக் நீதிமன்றத்தில் வாதாடியவரும் அவரே. இதில் எந்த ஆண்டைக் கல்லூரியின் சாதனைக் கணக்கில் எழுதுவது? நம் ஊரில் அண்ணா பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் படித்தார், 1934-இல் ஆனர்ஸ் முடித்தார். அவர் செய்ததை அந்த வகுப்பறைதான் செய்ய வைத்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முப்பது ஆண்டுக்கு முன் படித்தவர்களை விடுங்கள். மூன்று ஆண்டுக்கு முன் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். "உதவிப் பேராசிரியர்" என்று பதில் வந்தால், நிரந்தரப் பணியா, கௌரவ விரிவுரையாளரா என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள். சங்கடப்பட வேண்டாம்.

ஐ.ஏ.எஸ். கனவோடு எம்.ஏ. தேடுபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும் சேர்ந்த விருப்பப் பாடத்துக்கு இரண்டு தாள், 500 மதிப்பெண். 2015 தேர்வில் முதலிடம் பெற்ற டீனா டாபி அதே லேடி ஸ்ரீராம் கல்லூரியில் அரசியல் அறிவியல் படித்தவர்தான். ஆனால் 2022-இல் முதலிடம் வந்த இஷிதா கிஷோர் பொருளாதாரப் பட்டதாரி, 2024-இல் முதலிடம் வந்த சக்தி துபே உயிர்வேதியியல் படித்தவர். இருவரும் எடுத்த விருப்பப் பாடம் அரசியல் அறிவியல். எந்தத் துறையிலும் எம்.ஏ. சேராமலே அந்த 500 மதிப்பெண் தாளை எழுதி நாட்டிலேயே முதலாவதாக வந்திருக்கிறார்கள். எனவே ஒரு துறை தன் பட்டியலில் இரண்டு ஐ.ஏ.எஸ். பெயரைப் போட்டிருப்பதற்காக ஊர் மாறாதீர்கள். உங்கள் இலக்கு இது ஒன்றுதான் என்றால் சென்னையிலேயே இருங்கள். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராகும் 1,000 பேருக்குப் பத்து மாதம் மாதம் 7,500 ரூபாய் தருகிறார்கள். முதல்நிலையில் தேறினால் 25,000. அரசின் இலவசப் பயிற்சி மையம் இருக்கிறது. முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். பக்கத்தில் ஓர் எம்.ஏ. வேண்டுமென்றால் இக்னோ அஞ்சல்வழி போதும். இதைச் சொன்னால் துறைத் தலைவர்களுக்குக் கோபம் வரலாம்.

சரி, ஆய்வு, கற்பித்தல், கொள்கை வேலை, இதழியல் என்று போக நினைப்பவர்களுக்குத்தான் இந்த ஒப்பீடு உண்மையில் தேவை.

ஜே.என்.யு.வில் இரண்டு வாசல்கள் இருக்கின்றன, விண்ணப்பிப்பவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். சமூக அறிவியல் புலத்தில் இருக்கும் அரசியல் ஆய்வு மையம் ஒன்று. பன்னாட்டு ஆய்வுப் புலம் இன்னொன்று. இந்தப் புலம் பல்கலைக்கழகத்தைவிட வயதில் மூத்தது: 1955-இல் தனி நிறுவனமாகத் தொடங்கி, 1969-இல் பிறந்த ஜே.என்.யு.வோடு அடுத்த ஆண்டு இணைந்தது. இந்திய அரசியல், அரசியல் கோட்பாடு வேண்டுமென்றால் முதலாவது. வெளியுறவு, ஆயுதக் குறைப்பு, வட்டார ஆய்வுகள் வேண்டுமென்றால் இரண்டாவது.

அரசியல் ஆய்வு மையத்தின் புகழ் யாரால் வந்தது என்று பாருங்கள். சுதீப்த கவிராஜ், ராஜீவ் பார்கவா, சோயா ஹசன், குர்ப்ரீத் மகாஜன், வலேரியன் ரொட்ரிகஸ், கோபால் குரு. மதச்சார்பின்மை, அம்பேத்கர் சிந்தனை, அவமானத்தின் அரசியல் என்று இந்தியாவில் இன்று பேசப்படும் பல வாதங்களில் இவர்கள் கை இருக்கிறது. ஆனால் கவிராஜ் லண்டன் வழியாகக் கொலம்பியாவுக்குப் போய்விட்டார். பார்கவா டெல்லிப் பல்கலைக்கும் பிறகு சி.எஸ்.டி.எஸ். ஆய்வு மையத்துக்கும் போனார். கோபால் குரு 2018-இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியின் ஆசிரியரானார். மற்றவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். உங்களுக்கு இப்போது வகுப்பெடுப்பவர்கள் இவர்கள் இல்லை. துறையின் பெயர் ஆசிரியர்களைவிட இருபது ஆண்டு பின்தங்கித்தான் நகரும், மேலே போகும்போதும் சரி, கீழே வரும்போதும் சரி. இன்று அங்கே இருப்பவர்களின் பெயர்களை எடுத்து, மேலே சொன்ன ஷோத்கங்கா சோதனையைச் செய்து பாருங்கள்.

அப்படியும் நான் ஜே.என்.யு.வை முதல் இரண்டில்தான் வைப்பேன். காரணம் ஆசிரியர்களின் சாதனைப் பட்டியல் இல்லை, உடன் படிப்பவர்கள். மணிப்பூரிலிருந்தும் பீகாரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்களோடு ஒரே மெஸ்ஸில் உட்கார்ந்து கூட்டாட்சி பற்றிச் சண்டை போடுவது ஒரு தாளுக்குச் சமம். செலவும் தாங்கும். 2019-இல் ஒருவர் தங்கும் அறையின் வாடகையை மாதம் 20 ரூபாயிலிருந்து 600 ஆக்க முயன்றபோது அவ்வளவு பெரிய போராட்டம் வெடித்தது என்றால், அதுவரை இருந்த கட்டணம் எப்படிப்பட்டது என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக் கல்விக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். மெஸ் பில்லும் ரயில் டிக்கெட்டும்தான் பெரிய செலவு. டெல்லிப் பல்கலையில் இடங்கள் அதிகம், கூட்டமும் அதிகம். அங்கே ஆசிரியர் உங்கள் பெயரைத் தெரிந்துகொள்வதே ஒரு சாதனை என்பதால் அதை மூன்றாவதாகத்தான் வைக்கிறேன்.

முதல் முறையாக ஊரைவிட்டுப் போகும் தமிழ்ப் பிள்ளைக்கு, குறிப்பாகத் தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு, நான் ஹைதராபாத்தை ஒரு படி முன்னால் வைப்பேன். ஓர் இரவு ரயில் தூரம் என்பது ஒரு காரணம். அந்தப் பல்கலைக்கழகமே ஓர் அரசியல் அறிவியல் பாடம் என்பது இன்னொன்று. 1969 தெலங்கானா போராட்டத்துக்கும் அதன் பின்வந்த ஆந்திரப் போராட்டத்துக்கும் சமரசமாக 1973-இல் போட்ட ஆறு அம்சத் திட்டத்தில் அதுவும் ஓர் அம்சம். அதற்காகவே அரசமைப்புச் சட்டத்தில் 371-இ என்ற உறுப்பைச் சேர்த்தார்கள். 1974-இல் பல்கலை வந்தது. மாநிலமே பின்னால் இரண்டானது. 2025 வசந்தத்தில் காஞ்சா கச்சிபௌலியின் 400 ஏக்கர் யாருக்கு என்று மாணவர்களும் மாநில அரசும் மோதி, மரம் வெட்டுவதை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. கூட்டாட்சி, நிலம், நீதித்துறை என்று பாடத்தில் வருவதெல்லாம் அங்கே ஜன்னலுக்கு வெளியே நடக்கிறது.

ஆசிரியர் சாதனை என்றால் என்ன என்பதற்கு நான் சொல்லும் உதாரணமும் ஹைதராபாத்திலிருந்துதான். பாளையங்கோட்டையைச் சேர்ந்த அலெக்ஸ் பால் மேனன் சத்தீஸ்கரின் சுக்மா மாவட்ட ஆட்சியராக இருந்தபோது 2012 ஏப்ரல் 21 அன்று மாவோயிஸ்டுகள் அவரைக் கடத்தினார்கள். அவரை விடுவிக்கும் பேச்சுவார்த்தைக்கு மாவோயிஸ்டுகள் தங்கள் தரப்பில் கேட்ட இருவரில் ஒருவர் ஹைதராபாத் பல்கலையில் நீண்ட காலம் அரசியல் அறிவியலும் மனித உரிமைகளும் கற்பித்த ஜி. ஹரகோபால். மே 3 அன்று மேனன் உயிரோடு வெளியே வந்தார். முந்தைய ஆண்டு ஒடிசாவின் மல்கான்கிரி ஆட்சியர் வினீல் கிருஷ்ணா கடத்தப்பட்டபோதும் ஹரகோபால்தான் நடுவில் நின்றார். அரசும் நம்ப வேண்டும், ஆயுதம் ஏந்தியவர்களும் நம்ப வேண்டும். ஓர் அரசியல் அறிவியல் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதைச் சேர்க்க எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. ஆண்டறிக்கையில் 'விரிவாக்கப் பணி' என்று ஒரு வரி எழுதலாம், அவ்வளவுதான்.

ஹைதராபாத்தைப் பற்றி நல்லதை மட்டும் சொன்னால் சரியாகாது. 2016 ஜனவரியில் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவின் மரணம் நடந்தது அங்கேதான். தலித் மாணவர்களை அந்த வளாகம் எப்படி நடத்தியது என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்தது. அங்கே வலுவான அம்பேத்கர் மாணவர் அமைப்பு இருப்பதற்கும் அந்தக் கேள்விக்கும் தொடர்பு உண்டு. சேர்வதற்கு முன் அங்கே படிக்கும் யாராவது ஒரு தமிழ் மாணவரைத் தேடிப் பிடித்து ஹாஸ்டலைப் பற்றியும், உதவித்தொகை நேரத்துக்கு வருகிறதா என்பதைப் பற்றியும் கேளுங்கள்.

இதுவரை சொன்னவை மத்தியப் பல்கலைகள், பணம் உள்ளவை. மாநிலப் பல்கலையின் துறை ஒன்று என்ன செய்ய முடியும் என்று பார்க்கப் புனேவுக்குப் போக வேண்டும். நீங்கள் அங்கே சேர வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை, அளவுகோலுக்காகச் சொல்கிறேன். புனே பல்கலையின் அரசியல் மற்றும் பொது நிர்வாகத் துறையில் ராஜேந்திர வோரா, சுஹாஸ் பல்ஷிகர், ராஜேஸ்வரி தேஷ்பாண்டே ஆகியோர் ஒரே காலத்தில் இருந்தார்கள். லோக்நீதி அமைப்பின் தேர்தல் ஆய்வுகளில் பல்ஷிகருக்கு மையமான பங்கு. இந்த ஆய்வுகளில் வீடுவீடாகப் போய் வாக்காளரிடம் கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். அந்தக் களப்பணியில் ஒரு முறை இறங்கியவர்கள் டிவி கருத்துக்கணிப்பைப் பிறகு எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பல்ஷிகர் ஆங்கிலத்தில் எழுதும் அளவுக்கு மராத்தியிலும் எழுதுகிறவர். தமிழ்நாட்டுத் துறைகளில் இந்த வழக்கம் ஏன் மெலிந்துபோனது என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம். இங்கே தேர்தல் முடிவைத் தமிழில் அலசுவதெல்லாம் பத்திரிகையாளர்கள் தலையில்தான் விழுகிறது.

பல்ஷிகரும் யோகேந்திர யாதவும் 2006-07-இல் வந்த என்.சி.இ.ஆர்.டி.யின் பள்ளி அரசியல் அறிவியல் பாடநூல்களுக்குத் தலைமை ஆலோசகர்கள். கார்ட்டூன்களோடு, கேள்வி கேட்கும் நடையில் வந்த நூல்கள் அவை. நெட் தயாரிப்பவர்களும் ஐ.ஏ.எஸ். தயாரிப்பவர்களும் அவற்றையே பல ஆண்டு நம்பியிருந்தார்கள். 2012 மே மாதம் அதிலிருந்த ஷங்கரின் 1949 கார்ட்டூன் அம்பேத்கரை இழிவு செய்கிறது என்று தொல். திருமாவளவன் மக்களவையில் எழுப்பினார். ஆலோசகர்கள் இருவரும் பதவி விலகினார்கள். மறுநாள் புனே பல்கலையில் பல்ஷிகரின் அறையைச் சிலர் அடித்து நொறுக்கினார்கள். அடுத்த மாதமே இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றிய ஆர்.கே. லக்ஷ்மண் கார்ட்டூனுக்குக் கலைஞர் கண்டனம் தெரிவித்தார். அந்த இரண்டாவது கார்ட்டூன் விஷயத்தில் என் சாய்வு கலைஞர் பக்கம்தான். ஆனாலும் ஒரு வகுப்பில் அதை வைத்துப் பேசியிருந்தால் நல்ல விவாதம் நடந்திருக்கும் என்றும் தோன்றுகிறது. பிறகு நூல்களிலிருந்து பகுதி பகுதியாக நீக்கம் நடந்தபோது, 2023 ஜூனில், இருவரும் தங்கள் பெயரை அந்த நூல்களிலிருந்து எடுத்துவிடச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். பாடநூல் எழுதியதும் சாதனைதான், பெயரை எடு என்று சொன்னதும் சாதனைதான். இரண்டாவதை எந்தத் துறையும் பட்டியலில் போடாது.

தனியார் பக்கம் ஒரு பார்வை. அசோகா பல்கலையின் திரிவேதி அரசியல் தரவு மையம் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல் முடிவுகளைத் தொகுத்து லோக் தாபா என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அருமையான வேலை. ஆனால் 2021-இல் அரசியல் அறிஞர் பிரதாப் பானு மேத்தா ராஜினாமா, 2022-இல் தரவு மையத்தை நடத்திய ஜில் வெர்னியே வெளியேற்றம், 2025 மே மாதம் அரசியல் அறிவியல் துறைத் தலைவர் அலி கான் மஹ்மூதாபாத் ஒரு சமூக ஊடகப் பதிவுக்காகக் கைது. பணம் கொட்டிக் கட்டிய இடத்திலும் ஆசிரியர்கள் நிலைப்பது உறுதியில்லை. கட்டணம் லட்சக்கணக்கில். உதவித்தொகை கையில் கிடைத்தால் தவிர நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புதுச்சேரி: 1985-இல் வந்த மத்தியப் பல்கலை, காலாப்பட்டில் கடற்கரையோரம். அரசியல் மற்றும் பன்னாட்டு ஆய்வுத் துறை இருக்கிறது. தெற்காசியாவிலும் இலங்கையிலும் ஆர்வம் உள்ளவர்களுக்கும், வீட்டிலிருந்து தூரம் போக முடியாதவர்களுக்கும், முக்கியமாகப் பெண் பிள்ளையை டெல்லிக்கு அனுப்பமாட்டேன் என்று அப்பா அடம்பிடிக்கும் வீடுகளுக்கும் நல்ல நடுவழி. டெல்லி, ஹைதராபாத் அளவுக்கு நான் எதிர்பார்க்க மாட்டேன்.

கடைசியாகச் சென்னை. 1857-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டிலிருந்து நீண்ட காலம் துணைவேந்தர் இல்லாமல் ஓடியது. 2024 தொடக்கத்தில் வருமான வரித்துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. துணைவேந்தரை ஆளுநர் நியமிப்பதா, மாநில அரசு நியமிப்பதா என்ற சண்டை 2025 ஏப்ரல் 8 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. நியமன அதிகாரத்தை மாநில அரசுக்கு மாற்றிய சட்டங்களுக்கு மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் தடையும் வந்தது. ஆசிரியர் இடங்கள் நிரப்பப்படாமல் இருக்கும்போது எந்தத் துறையின் சாதனைப் பட்டியலும் மெலியத்தான் செய்யும். இருக்கிற ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மாநிலக் கல்லூரிபோன்ற பழைய கல்லூரிகளிலும் இதே கதைதான், கொஞ்சம் கூடக் குறைய.

ஆனால் சென்னையின் பலம் துறைக்கு வெளியே இருக்கிறது. அடையாற்றில் 1971-இல் தொடங்கிய எம்.ஐ.டி.எஸ். ஆய்வு நிறுவனமும் அதன் நூலகமும். தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். எழும்பூர் ஆவணக் காப்பகம். பெரியார் திடல் நூலகம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். திராவிட இயக்கம், நீதிக்கட்சி அரசாங்கங்கள், இட ஒதுக்கீட்டு வரலாறு, உள்ளாட்சி என்று உங்கள் ஆய்வுத் தலைப்பு தமிழ்நாட்டைப் பற்றியது என்றால், ஜே.என்.யு.வில் இருக்கும் மாணவர் கோடை விடுமுறையில் ரயிலேறி வந்து பார்க்க வேண்டிய காகிதங்கள் உங்களுக்கு ஒரு பஸ் தூரத்தில் இருக்கின்றன. இதைப் பயன்படுத்துகிற மாணவர் குறைவு. பயன்படுத்துகிறவர் சென்னையில் எம்.ஏ. முடித்துவிட்டு ஹைதராபாத்துக்கோ டெல்லிக்கோ பிஎச்.டி.க்குப் போகும்போது, கையில் தலைப்பும் சான்றுகளும் தயாராக இருக்கும்.

ஆக என் வரிசை இப்படி. ஆய்வு, வெளிநாட்டு பிஎச்.டி. என்றால் ஜே.என்.யு.வும் ஹைதராபாத்தும், முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு ஹைதராபாத் முன்னால். தமிழ்நாட்டு அரசியலே ஆய்வுப் பொருள் என்றால் சென்னை எம்.ஏ. குறைவானது இல்லை. இங்கேயே கல்லூரி ஆசிரியராக வேண்டும் என்றால் நெட் அல்லது அதன் மாநில வடிவமான செட் தேர்வுதான் தீர்மானிக்கும், எம்.ஏ. எங்கே என்பது இரண்டாவது. ஐ.ஏ.எஸ். என்றால் மேலே சொன்னபடி.

நடைமுறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜே.என்.யு., டெல்லி, ஹைதராபாத், புதுச்சேரி நான்குக்கும் க்யூட் பி.ஜி. என்ற ஒரே தேர்வுதான். விண்ணப்பம் வழக்கமாக டிசம்பரிலோ ஜனவரியிலோ திறக்கும், தேர்வு மார்ச்சில். உங்கள் பி.ஏ. இறுதித் தேர்வுக்கே முன்னால். அரசியல் அறிவியல் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான், தமிழில் இல்லை. கொள்குறி வினாக்கள், தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். தமிழ்வழியில் படித்தவர்கள் ஐந்தாம் பருவத்திலேயே ஆங்கிலக் கலைச்சொற்களோடு பழகத் தொடங்கினால் ஒழிய மார்ச்சில் திணற நேரும். சென்னைக்கும் மற்ற மாநிலப் பல்கலைகளுக்கும் கோடையில் விண்ணப்பித்தால் போதும் என்பதால் பலர் க்யூட்டைத் தவறவிட்டுவிட்டு ஜூனில் வந்து "டெல்லிக்கு எப்படி அப்ளை பண்றது?" என்று கேட்கிறார்கள். க்யூட் படிவத்தை முதலில் போடுங்கள். சேர்வதா வேண்டாமா என்பதை ரேங்க் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.